என் பெயருக்கு முன்னால் அவர் இனிஷியல்

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் துணி துவைக்கும் கல்லில் என் பெயர் இருக்கிறது. ஆழமாக, அழகாக வெட்டிய எழுத்து. பெயருக்கு முன்னால் இருப்பது மட்டும் என் சகலையின் இனிஷியல். செங்கல்பட்டில் நாங்கள் வீடு கட்டியபோது, வாசலில் பதிக்கும் பெயர்க்கல்லை மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் செய்து தருவதாக அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். என் மனைவியின் தங்கை கணவர், ஊர் சதுரங்கப்பட்டினம், கடற்கரைச் சாலையில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஆர்டர் அவர் பேரில் இருந்ததால் சிற்பி அவர் இனிஷியலையே வெட்டிவிட்டார். கல்லை எடுத்துவர இருவருமாகப் போனபோது, அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்த முடியாதா என்று கேட்டேன். சிற்பி உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கல்லுல வெட்டுனா வெட்டுனதுதான் சார். வேற கல்லுதான் போடணும். இது கெடக்கட்டும், யாருனா துணி தோய்க்க எடுத்துக்கினு போவாங்க."

சகலை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு புதுக் கல் வாசலில் ஏறியது. பழையது கொல்லைக்கு வந்தது.

அப்போது நாங்கள் இருவரும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், ஒரே கணினிப் பிரிவில் வேலை பார்த்தோம். புரோகிராம் எழுதுவது அவர்; விதிப்படி சரிபார்த்து அனுமதிப்பது நான். பிரிவின் தலைமைப் பதவி காலியாகவிருந்தது. அது எங்களில் ஒருவருக்குத்தான் என்று கேன்டீன்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். மூப்பு, தேர்ச்சி, விதிமுறை எல்லாம் என் பக்கம். அந்த நேரத்தில்தான் சகலை, அவசரம் என்று சொல்லி, என்னிடம் காட்டாமலே ஒரு புரோகிராமை ஓடவிட்டார். உதிரிபாகங்களின் பழைய குறியீடுகளைப் புதியவையாக மாற்றிப் பெட்டிகளில் ஒட்டச் சீட்டு அச்சடிக்கும் வேலை. சீட்டுகள் பழைய குறியீட்டோடே வந்தன. கணினியும் மூச்சு வாங்கியது. லாரிகள் வாசலில் வரிசைகட்டின.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். புரோகிராம் எழுதிய கணினி மொழியில் ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளைக் கோத்து வைத்த ஒரு தொடரை, உருவானபின் மாற்ற முடியாது. மாற்று என்று கட்டளையிட்டால் பழையதைத் தொடாமல், திருத்திய பிரதி ஒன்றை நினைவகத்தில் புதிதாக உண்டாக்கி நம்மிடம் நீட்டும். வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு. சகலை மாற்றச் சொல்லியிருந்தார், வாங்கிக்கொள்ளவில்லை. வாங்க ஆளில்லாத பிரதிகள் நினைவகத்தில் குவிய, அவற்றைக் கூட்டிப் பெருக்குவதற்கே கணினி ஓயாமல் வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. பிழையைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் இனித்தது.

காரணம் கேட்டு மேலாளர் கூட்டிய கூட்டத்தில் இதையெல்லாம் வரிசைக்கிரமமாக விளக்கினேன். அர்ச்சனையின் மந்திரம் புரியாமல் கைகூப்பி நிற்கும் பக்தரின் பொறுமையோடு மேலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சகலை வாயைத் திறந்தார்.

"தப்பு எம்மேலதான் சார். மகாபலிபுரத்துல நம்ம சகலைக்குப் பேருக்கல்லு செஞ்சோம், இனிஷியல் மாறிப்பூட்ச்சி. திருத்த முடியாதுன்னு வேற கல்லு செஞ்சி குடுத்தாங்க. அந்தப் புதுக்கல்ல அங்கியே வுட்டுட்டு, தப்புக்கல்ல கொண்ணாந்து வாசல்ல வெச்சா இன்னா ஆவும்? அத்தத்தான் நான் பண்ணிகீறேன்."

மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த மாதமே பதவி சகலைக்குப் போனது. பிரிவுக்குப் புரியவைக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். பிழை செய்தவருக்கு நாற்காலி, கண்டுபிடித்தவனுக்குப் பாராட்டுக் கைகுலுக்கல்.

பதவிகூடப் போகட்டும். அந்தச் சிற்பக்கூடத்தில் நானும்தான் நின்றேன். அதே வாக்கியம் என் காதிலும் விழுந்தது. ஸ்ட்ரிங் மாறாது என்ற விதி எனக்கு அவருக்கு முன்பே தெரியும்; கல்லோ என் கல், பெயரோ என் பெயர். என் தலையில் விதி ஒரு மூலையிலும் கல் ஒரு மூலையிலும் ஒன்றையொன்று பார்க்காமலே கிடந்தன. அவர் தலையில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. இதை எந்தத் தேர்வுக்குப் படித்து ஈடுகட்டுவது?

இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். நான் செய்தித்தாளில் பிழை பார்க்கிறேன். அவர் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கிறார். அந்த வகுப்பு ஒன்றின் வீடியோவை என் மகளே கைப்பேசியில் காட்டினாள். அதே கல், அதே கதை. மேலாளர் சிரித்த அதே இடத்தில் மாணவர்களும் சிரிக்கிறார்கள். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இன்னா சகல, அந்தக் கல்லு இன்னும் கீதா? ஒரு தபா குடு, புள்ளைங்களுக்குக் காட்டிட்டுக் கொண்ணாந்துர்றேன்."

வாஷிங் மெஷின் வந்தபிறகு அது சும்மாதானே கிடக்கிறது, கொடுத்துவிடுங்கள் என்றாள் மனைவி. அவளுக்குக் கணினியின் விதி தெரியாது. நினைவகத்தைப் பெருக்க வரும் துடைப்பம் கேட்பாரற்றுக் கிடப்பதை மட்டுமே அள்ளும். ஒருவர் பிடியில் இருப்பதைத் தொடாது. சகலைக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே கல் உபயோகத்தில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்று இந்த வாரம் முழுக்க என் சட்டைகளை நானே கொல்லையில் துவைக்கிறேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாஷிங் மெஷினைப் போடப் போகிறாள். இத்தனை நாள் கவிழ்ந்து கிடந்த கல்லைப் புரட்டி எழுத்து மேலே இருக்கும்படி போட்டிருக்கிறேன். சட்டைகளில் பொத்தான்கள் தெறித்துப் போகின்றன. இனிஷியல் இருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் பலமாகவே அடிக்கிறேன். இதுவரை ஒன்றும் தேயவில்லை.