வள்ளியின் விடுதலை உறுதி

நம்பாதவர்கள் ஜெயபுரத்துக்குப் போய்க் கேட்கலாம். 1997 மாசி மாதம், பட்டப்பகலில் நடந்தது இது. கமலாசனி இன்றுவரை ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

அவளுடைய ஏழு வயது மகள் மேனுகாவுக்கு மூளை மலேரியா. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் தப்புவாள். இயக்கம் தரும் பயண பாஸ் இல்லாமல் வன்னியை விட்டு வெளியேற முடியாது. போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஒருவர் பின்னால் பிணை நிற்கவும் வேண்டும். தானே பிணை நிற்பதாகச் சொல்லி, தகப்பன் பரமலிங்கம் விடியவே மல்லாவிக்குச் சைக்கிள் மிதித்துவிட்டார். பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, கமலாசனி கும்பிடாத தெய்வமில்லை.

பின்னேரம் நாலு மணி. முற்றத்து நாய் திடீரென்று எழும்பிக் கட்டிலுக்குக் கீழே புகுந்தது.

வாசல் படலையில் ஒரு பெண். மேற்சட்டை இல்லை, குறுக்குக்கட்டு மட்டும். வேலியின் நிழல் நீண்டு கிடந்தது. அவளுக்கு நிழலே இல்லை.

“நாச்சியார்... என்ர விடுதலை உறுதியைத் தாங்கோ. பெட்டிக்குள்ள கிடக்கு.”

நாச்சியார். அந்தக் காலத்து அடிமைகள் எசமானியைக் கூப்பிட்ட சொல்.

கமலாசனி உள்ளே மூலையைத் திரும்பிப் பார்த்தாள். இடம்பெயர்ந்தபோது பரமலிங்கம் சுமந்துவந்த தகரப்பெட்டியில், காணி உறுதிகளோடு அப்படி ஒன்று இருந்தது உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில், அடிமை ஒருத்தியை விடுவித்து, அவருடைய பூட்டனின் தகப்பன் எழுதிய பத்திரம். எழுதினார், கொடுக்கவில்லை. அதையும் சொத்தென்று பூட்டி வைத்துவிட்டார்கள்.

“தந்தால்... என்ர பிள்ளை பிழைக்குமோ?”

“ஓம், நாச்சியார். இந்த உடம்புக்கு ஒண்டும் வராது.”

கொடுத்தாள். விரல் பட்டது. ஐஸ் மாதிரி...

நிமிர்ந்தபோது படலையில் யாருமில்லை.

மணலில் கால்தடங்கள். வந்தவை இல்லை. போனவை மட்டும்.

ஒன்று பெரியது. பக்கத்தில்...

சின்னது.

ஓடினாள். மேனுகா கட்டிலில்தான் கிடந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. கமலாசனி ஓவென்று அழுதாள்.

பொழுதுபடப் பரமலிங்கம் பாஸோடு வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

“அதில கடைசியா ஒரு வரி இருக்கு, கமலா. தாய் வள்ளிக்கு மட்டும்தான் விடுதலை. அவளின்ர ஏழு வயசு மகள் பிணையா எங்கட வீட்டிலயே நிக்கவேணுமெண்டு...”

கட்டில் கிரீச்சிட்டது.

மேனுகா இறங்கி வந்து நிலத்தில் குந்தினாள்.

“நாச்சியார்... என்ர ஆத்தை என்னை விட்டுட்டுப் போயிட்டாவோ?”

வவுனியா ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை என்றார்கள். பிள்ளை வளர்ந்தாள். கமலாசனிக்கு முன்னால் ஒருநாளும் கதிரையில் ஏறி உட்கார்ந்ததில்லை, நிலத்தில்தான் குந்துவாள்.

இப்போதும் பின்னேரங்களில் கமலாசனி படலையடியில் நின்று, அந்தக் கால்தடங்கள் போன பக்கம் பார்த்து, “மேனுகா... மேனுகா...” என்று கூப்பிடுவாள். உள்ளே நிற்கும் பிள்ளை திரும்பியும் பார்ப்பதில்லை.