கழுத்தில் இரண்டு களிம்புகள்

கானா நாட்டின் தமாலே ஊரில் ஷியாக் கொட்டையிலிருந்து வெண்ணெய் கடைந்து விற்கும் எங்கள் கொட்டகையில் சனாத்துவிடம் வம்பு பேச யாரும் போவதில்லை. எதைச் சொன்னாலும், அதை நேரில் பார்த்தது யார் என்று கேட்டுவிடுவாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் தொண்டையில் இருந்த கழலையை அறுவை செய்து எடுத்தார்கள். கழுத்தின் குறுக்கே ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. அவள் அக்காவுக்குக் காது குத்திய இடமே மொச்சைக்கொட்டை அளவுக்குத் தடித்து வளர்ந்திருந்ததால், சனாத்துவுக்குத் தழும்பை நினைத்துத்தான் பயம். தையல் பிரித்த அன்று நர்ஸ் லமிசி, புண் நன்றாக மூடிய பிறகு பூசச் சொல்லி ஒரு சிலிக்கோன் களிம்பு எழுதிக் கொடுத்தாள்.

களிம்பைப் பார்த்ததும் அயிஷெத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் கூட்டத்திலேயே வியாபாரத்தில் கெட்டிக்காரி அவள். "தழும்பு போகும்னு சொல்லித்தானேடி வெண்ணெய விக்கிறோம். நீயே மருந்துக்கடைக் களிம்பத் தடவினா நம்ம கிட்ட எவ வாங்குவா?"

"போகும்னு நாமதான் சொல்றோம். போயி யாரு பாத்தா?" என்றாள் சனாத்து.

புண் ஆறியதும் இடப்பக்கம் களிம்பு, வலப்பக்கம் வெண்ணெய் என்று காலையும் மாலையும் பூச ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் மகளின் அளவுகோலை வைத்து இரண்டு பக்க அகலத்தையும் காலண்டரில் குறித்தாள். கொட்டகையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நாங்கள் காலையில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கழுத்தைத்தான் பார்ப்போம்.

நான்கு மாதத்தில் இடப்பக்கம் கயிறு மாதிரிப் புடைத்து அரித்தது. வலப்பக்கம் படிந்து மிருதுவாகியிருந்தது. அயிஷெத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. சனாத்துவை இழுத்துக்கொண்டு லமிசியிடமே காட்டப் போனாள். நானும் கூடப் போனேன்.

லமிசி தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எப்படிப் பூசுவாய் என்று செய்துகாட்டச் சொன்னாள். சனாத்து காட்டினாள். களிம்பை விரல் நுனியால் ஒற்றிக் காயவிட்டாள். வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி, எங்கள் தொழில் பழக்கத்தில் அழுத்தி அழுத்தி வெகுநேரம் தேய்த்தாள்.

"இந்தப் பக்கம் பூசினீங்க, அந்தப் பக்கம் தேய்ச்சீங்க. வேலை செஞ்சது வெண்ணெயா, உங்க விரலாக்கா?" என்றாள் லமிசி.

 சனாத்து தன்னையே நினைத்துச் சிரித்தாள்.

அன்றிலிருந்து, இடப்பக்கமும் களிம்பு காய்ந்து வழுவழுப்பான பிறகு அதே அளவு தேய்த்தாள். இரண்டு மாதத்தில் அதுவும் பாதிக்குமேல் படிந்தது. ஆனால் வெறும் விரலே போதுமா என்ற கேள்வி அவளை விடவில்லை. சோதிக்கக் கழுத்தில் இடமில்லை. கொட்டகையில் ரஹாமாவுக்குப் பிள்ளைப்பேற்று அறுவை முடிந்து, காயம் ஆறியிருந்தது. தழும்பில் ஒரு பாதியை வெண்ணெயோடும் மறு பாதியை வெறும் விரலாலும் தேய்க்கச் சொல்லி அவளைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். ஒரே வாரத்தில் ரஹாமா, வெறும் விரல் பக்கம் தோல் இழுக்கிறது, எரிகிறது என்று நிறுத்திவிட்டாள். வழுக்க ஏதாவது வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த சந்தையில் குமாசியிலிருந்து வந்த ஒருத்தி, தழும்பு மறையுமா என்று கேட்டாள். அயிஷெத்து வாயைத் திறப்பதற்குள் சனாத்து முந்திக்கொண்டாள்.

"மறையுமான்னு தெரியாதும்மா. எனக்கு மறையல, படிஞ்சுது. புண்ணு மூடின பெறகு தேய்ச்சுப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

குமாசிக்காரி இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு, சனாத்துவின் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து நிஜமாகவே கூப்பிட்டாள். சனாத்து அரைமணி நேரம் விடாமல் கேள்வி கேட்டாள்.