ஆர்லீனின் வாஷிங் மெஷினும் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஆல்பமும்

ஆர்லீன் ஜெலின்ஸ்கி கல்யாணமாகி மில்வாக்கி தெற்குப் பக்கத்து வீட்டுக்குள் வந்தபோது பேஸ்மென்ட் முழுக்க அவளுடையது. சண்டை போட்டு வாங்கியதில்லை. ஈரமும் சிலந்தியும் இருந்த இடத்தை வேறு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வாஷிங் மெஷின், துணிக்கொடி, இஸ்திரி மேசை, ஆகஸ்டில் புட்டியில் அடைத்த தக்காளி எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. மூன்று பிள்ளைகளின் அணையாடையிலிருந்து கால்பந்து உடுப்பு வரைக்கும், புருஷன் நார்ப் டிராக்டர் தொழிற்சாலையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கிரீஸ் சட்டைகள் வரைக்கும், அங்கேதான் வெளுத்தாள். அந்தக் காலத்தில் நார்ப் படியிறங்கியது ஃபியூஸ் போனால் மட்டும். அப்போதும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆர்லீன்தான்.

நார்ப் ஓய்வு பெற்றதும் டாக்டர் அவனை ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். அவனோடு ஓய்வு பெற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். அவர்கள் பெண்டாட்டிகளுக்கு மீனாவது மிஞ்சியது. நார்ப் பழைய இசைத்தட்டு வாங்க ஆரம்பித்தான். ஆல்பம் என்றால் எல்லா ஆல்பமும் இல்லை. உலகமே ஒருமனதாக மகத்தானது என்று ஒப்புக்கொண்டவை மட்டும்தான். எது மகத்தானது என்று கண்டுபிடிக்கப் பத்திரிகைகள் வருஷாவருஷம் வரிசை போட்டுத் தரும். போன வருஷ வரிசையைப் பார்த்துத்தான் இந்த வருஷ வரிசையைப் போடுகிறார்கள் என்பது ஆர்லீனின் கட்சி. ஊர்ச்சந்தையில் பை என்கிற பழப் பணியாரத்துக்கு நடக்கும் போட்டிக்கும் இப்படித்தான். மிசஸ் குபியாக்கின் ஆப்பிள் பைக்கு ஒருதரம் முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள், அதற்கப்புறம் யாரும் ருசித்தே பார்த்ததில்லை.

இசைத்தட்டுகள் பேஸ்மென்டில் ஒரு மூலையில் குடியேறின. பிறகு தக்காளி அலமாரிக்கு நகர்ந்தன, தக்காளி படிக்கட்டுக்கு அடியில் போனது. அப்புறம் இஸ்திரி மேசையைப் பிடித்தன. ஈரக்காற்று இசைத்தட்டு உறையின் அட்டைக்கு ஆகாது என்று சொல்லித் துணிக்கொடியையும் அவிழ்த்தான். கடைசியில் ஆர்லீனுக்கு மிஞ்சியது வாஷிங் மெஷின் நிற்கிற இடம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேக்கரியில் சூடான ஹாம் என்கிற பன்றித்தொடைக் கறியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நார்பின் இரண்டு நண்பர்கள் வருவார்கள். ட்வேன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். நிறுத்தச் சொன்னாலும் இன்னும் நடத்துகிறவர். லெஸ்டர் நகர பஸ் ஓட்டினவன், அதிகம் பேசமாட்டான். மூன்று பேரும் ஹாமை முடித்துவிட்டுக் கீழே இறங்கி, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டி, தட்டை ஓரத்தைப் பிடித்து வைத்து, விளக்கை அணைத்துவிடுவார்கள். கண்ணுக்கு வேலை இருந்தால் காது சோம்பேறியாகிவிடுமாம். இருட்டில் மூச்சுவிடாமல் ஒரு பக்கம் முழுக்கக் கேட்பார்கள். பேசக்கூடாது, இருமக்கூடாது. தட்டு முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கை தூக்குவார்கள். மூன்று கையும் மேலே போனால் அட்டை சுவரில் ஏறும். இத்தனை காலத்தில் ஒரு கைகூடக் கீழே இருந்ததில்லை. பத்திரிகை சொன்ன பிறகு எவன் கையைக் கீழே வைப்பான்?

இசைத்தட்டைச் சுழற்றும் தட்டுப்பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. பேரப்பிள்ளைகள் திருகிவிடுவார்கள் என்று நார்ப் அதை நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் வைத்து டேப் போட்டு ஒட்டியிருந்தான். அதைத் தொட்டவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கிடையாது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் 'மூன்றாம் பாலத்து மழை' வந்தது. எந்த வரிசையை எடுத்தாலும் முதல் ஐந்துக்குள் இருக்கிற ஆல்பம். அதன் ஐம்பதாவது ஆண்டுக்கு, கனமான இரண்டு தட்டில், விசேஷமாக அச்சடித்த பதிப்பு. அட்டையில் மழையில் நனையும் ஒரு பாலம் மட்டும், ஆள் முகம் எதுவும் இல்லை. மூன்று பேருக்கும் அது வாலிபகாலச் சிநேகிதமாம். ட்வேன் மேடிசனில் கல்லூரியில் படிக்கும்போது ஜன்னலோரம் அழுதுகொண்டே கேட்டாராம். நார்ப் தன் பழைய பிளிமத் காரில் கேசட் தேய்ந்துபோகிற வரைக்கும் போட்டுக் கேட்டானாம். அந்தக் காரில்தான் ஆர்லீனைக் காதலித்தான். அதில் கேசட் போடுகிற வசதியே இல்லை, ஒரு ரேடியோ இருந்தது, அதுவும் பனிக்காலத்தில் மட்டும் கரகரக்கும். லெஸ்டர் மட்டும், "நானும்தான்," என்றான்.

முதல் ஞாயிறு கேட்டுவிட்டு மேலே வந்த மூன்று பேரும் சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அந்தக் குரலில் ஒரு கிழட்டு மாலுமியின் எழுபது வருஷத்துத் துக்கம் இருக்கிறது என்று ட்வேன் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் அடியாழத்திலிருந்து ஒரு முனகல் வருகிறது, பூமியே முனகுகிற மாதிரி, என்றான் நார்ப். அதைச் சொல்லும்போதே அவன் முகம் சுருங்கியது. அந்த முனகலுக்கு நடுவில் ஆர்லீனின் மெஷின் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்ததாம்.

அடுத்த ஞாயிறுகளில் மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டான். சரி என்று திங்கட்கிழமைக்கு மாற்றினாள். திங்கட்கிழமையும் அவன் தனியாகப் போட்டுக் கேட்டான். செவ்வாய்க்கிழமையும் கேட்டான். கடைசியில் ஒருநாள் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது முடிவைச் சொன்னான்.

"மெஷினைக் கார் ஷெட்டுக்கு மாத்திடலாம்னு இருக்கேன்."

"ஜனவரியிலயா?"

"குழாய்க்குக் கம்பளி சுத்திக்கலாம்."

"குழாய்க்குச் சுத்துவ. எனக்கு?"

ஷெட் கொல்லைக்கு அந்தப்பக்கம் இருந்தது. நடுவில் பனி, பனிக்கு அடியில் வழுக்கல். ஆர்லீனின் இடுப்பு ஏற்கெனவே பேஸ்மென்ட் படியிலேயே தினமும் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. ஈரப் படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பனியில் ஒருதரம் விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம். அதையும் சொன்னாள். நார்ப் யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த முனகலை மட்டும் அவள் ஒருதரம் ஒழுங்காகக் கேட்டிருந்தால் இப்படிப் பேசமாட்டாள் என்றான். வரும் ஞாயிறு லெஸ்டர் தள்ளுவண்டி கொண்டுவருகிறான் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சூப் கேட்டான்.

சனிக்கிழமை ஆர்லீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறை ரேடியோவில் கல்லூரிப் பிள்ளைகள் நடத்துகிற நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை பாடினாள். பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவள் மாதிரி துறுதுறுவென்ற பாட்டு. நன்றாகத்தான் இருந்தது, கத்தி தானாகத் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளன் பேசினான். பாடும்போது அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதாம். ஆல்பத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டாம். பெயர் 'மூன்றாம் பாலத்து மழை'.

கத்தி நின்றது.

ஒவ்வொரு படியாகப் பேஸ்மென்டுக்கு இறங்கினாள். கையுறை போடவில்லை. உருளைக்கிழங்கு மாவு ஒட்டிய கையோடே தட்டை எடுத்து, விளக்கைப் போட்டு, நடு வட்டத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. விசேஷப் பதிப்பின் விசேஷமே அதுதான் போலிருக்கிறது. வேகமாக ஓடட்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். இவர்களோ இருட்டில் உட்கார்ந்து, டேப் ஒட்டிய குமிழோடு, ஒரு சின்னப் பெண்ணைக் கிழட்டு மாலுமியாக்கி இலையுதிர் காலம் முழுக்கக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். பூமி முனகியதெல்லாம் அந்தப் பெண்ணின் கூட்டத்தில் எவனோ துள்ளலாக வாசித்த கிடாராக இருக்கும்.

நார்பிடம் அன்றைக்கே சொல்லலாம்தான். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் அவனோடு குடித்தனம் செய்தவள் ஆர்லீன். தனியாகச் சொன்னால் ராத்திரியோடு டேப்பைப் பிரித்துவிட்டு, காலையில் நண்பர்களிடம் தான் ஒரு புதிய கேட்கும் முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வான். மெஷின் எப்படியும் ஷெட்டுக்குத்தான் போகும். அதனால் தள்ளுவண்டி வாசலுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டாள். தட்டைத் துடைத்து உறையில் போட்டாள்.

ஞாயிறு நல்ல பனி. லெஸ்டர் தள்ளுவண்டியைக் கூடத்தில் நிறுத்திவிட்டு ஹாம் தின்றான். மெஷினுக்கு இது கடைசி நாள், கீழே வந்து ஒருதரம் நானும் கேட்கிறேன் என்று ஆர்லீன் சொன்னதும் நார்புக்குக் கண் கலங்கிவிட்டது. மடக்கு நாற்காலியை அவனே துடைத்துப் போட்டான். விளக்கை அணைத்தார்கள். மாலுமி இழுத்து இழுத்துப் பாட ஆரம்பித்தான்.

"யாரு பாடறது?" என்றாள் ஆர்லீன்.

"ஷ்," என்றான் நார்ப்.

"இல்ல, பேர் என்னன்னு கேக்கறேன்."

இருட்டிலும் ட்வேனால் சும்மா இருக்க முடியவில்லை. பேர் முக்கியமில்லை, அந்த மனிதர் அனுபவித்த வாழ்க்கைதான் முக்கியம், கடலிலேயே கிடந்தவர் மாதிரி தெரிகிறது, கல்லூரி நாளில் கேட்டவுடனேயே தனக்கு அது புரிந்துவிட்டது என்று சொன்னார்.

ஆர்லீன் எழுந்து விளக்கைப் போட்டாள். மூன்று பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும்போதே தட்டுப்பெட்டியின் டேப்பை நகத்தால் கிழித்துக் குமிழைத் திருப்பினாள். பத்தொன்பது வயதுப் பெண் பேஸ்மென்டுக்குள் குதித்துவந்து பாடினாள்.

லெஸ்டரின் பாதம் தன்னையறியாமல் தாளம் போட்டுவிட்டு நின்றுகொண்டது.

"தட்டுல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு," என்றாள் ஆர்லீன். "நேத்து ரேடியோவுலயும் இவதான் பாடினா. மேடிசன்ல கேட்டப்போ எப்படி இருந்துது ட்வேன், இப்படியா அப்படியா?"

ட்வேன் கையுறையைக் கழற்றினார். அந்தக் காலத்தில் இரண்டு பதிப்பு வந்திருக்கக்கூடும் என்று சொல்ல ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திவிட்டார். நார்ப் சுவரைப் பார்த்தான். மற்ற அட்டைகளும் அவனைப் பார்த்தன. அவற்றில் எத்தனையை எந்த வேகத்தில் கேட்டோம் என்று கணக்குப் போடுகிறான் என்பது ஆர்லீனுக்குப் புரிந்தது.

"நீ பிளிமத்துல கேட்டது?" என்றாள் அவனிடம்.

"அதுல கேசட் ஏது," என்றான் நார்ப், ரொம்ப மெதுவாக.

இதற்கு மேல் அவனைக் குடைய அவளுக்கு மனசு வரவில்லை. குடைந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் தொங்கிய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"முனகல் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்போ மெஷினால உங்களுக்குத் தொந்தரவும் இல்ல," என்றாள். "வண்டி வந்தது வந்தாச்சு, சும்மா திரும்ப வேணாம். சமையலறைக்குப் பின்னால குழாய் வெச்ச சின்ன அறை இருக்கில்ல? நார்ப் தன்னோட காலி அட்டைப்பெட்டியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கானே, அதுக்குள்ள மெஷினை வெச்சுடுங்க. என் இடுப்புக்கு இனிமே படி வேணாம்."

"அந்தப் பெட்டிங்க?" என்றான் நார்ப்.

"ஷெட் காலியாத்தானே இருக்கு."

மூன்று பேரும் மெஷினின் குழாயைக் கழற்றினார்கள். மெஷினைப் படிமேல் ஏற்றும்போது ட்வேன் சரித்திரம் எதுவும் நடத்தவில்லை. அதுவே பெரிய விஷயம். குழாயை இணைத்து, தண்ணீர் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு, கீழே போய் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். மூன்று கையும் மேலே போயின. சரியான வேகத்தில் கேட்டாலும் அது மகத்தானதுதான் என்றார் ட்வேன், அந்தச் சிறுபெண்ணின் குரலுக்குள் ஒரு மாலுமி ஒளிந்திருப்பது நமக்கு மட்டும்தான் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். அட்டை சுவரிலேயே இருந்தது.

கிளம்பும்போது லெஸ்டர் தள்ளுவண்டியோடு சமையலறை வாசலில் நின்றான்.

"உண்மையைச் சொல்லட்டுமா ஆர்லீன்? எனக்கு அது ரெண்டு வேகத்துலயும் பிடிக்கல."

"அப்போ ஏன் கையைத் தூக்கின?"

"அவங்க தூக்கினாங்களே."

மிச்சமிருந்த ஹாமைப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்து, இதைக் கீழே போய்ச் சொல்லிவிடாதே என்றாள்.

அடுத்த ஞாயிறு நார்பும் நண்பர்களும் விளக்கை அணைத்துவிட்டு வேறொரு மகத்தான ஆல்பத்தைப் போட்டார்கள். ஆர்லீன் அவர்கள் தலைக்கு நேர்மேலே ஒரு சுமை துண்டைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள். பிழிகிற சுற்று வந்தபோது தரையே அதிர்ந்தது. யாரும் மேலே வரவில்லை.