ஒரே லாக்கர்ல மூணு நம்பர்

மஸூதைப் பத்தி சொல்லணும்னா மொதல்ல அவன் வாயைப் பத்திதான் சொல்லணும். கேபிளைத் தப்பா சொருகினவன் மேனேஜரா இருந்தாலும் உடமாட்டான். "ரெண்டு கயிறு கட்டிட்டு ரெண்டையும் ஒரே ஆணில மாட்டினா இன்னா நைனா பிரயோஜனம்?"னு மூஞ்சிக்கு நேராவே கேப்பான். அவன் பூந்தமல்லி, நான் பாரிவாக்கம். என் பேரு தேவா. ஒரே காண்ட்ராக்ட் கம்பெனில கூட்டாளிங்க, கம்பெனி கம்பெனியா போய் சர்வர் மாட்டித் தர்றது எங்க பொழப்பு.

வேலை இன்னான்னா, லினக்ஸ் சர்வர் ஒரு பக்கம் கீது, டேட்டா வெச்சிருக்குற ஸ்டோரேஜ் பெட்டி ஒரு பக்கம் கீது. நடுவுல ரெண்டு வழி போடணும். தனித்தனி கேபிள், தனித்தனி சுவிட்ச். ஒண்ணு அறுந்தா டேட்டா இன்னொண்ணு வழியா ஓடிக்கினே இருக்கணும். "அறுந்தது சர்வருல ஓடுற ப்ரோக்ராமுக்குத் தெரியவே கூடாது மாமே, தெரிஞ்சுதுன்னா நாம வேலையே பாக்கலன்னு அர்த்தம்"னு சொல்வான் மஸூத்.

பெத்தவங்கன்னு அவனுக்கு அம்மா மட்டும்தான். ஃபக்ருன்னிசா அம்மா. நோம்பு மாசத்துல எனக்குன்னு ஒரு தூக்குல தனியா கஞ்சி வாங்கி வெப்பாங்க. "நீ எதுக்குடா பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற வரைக்கும் காத்துக்கினு கீற, சூடா குடி"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு வயித்துல புத்துநோய் வந்துச்சு. ஆஸ்பத்திரில இனிமே ஊட்லயே வெச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்த மகராசி புள்ளைகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மூச்சு அடங்குற நேரத்துல அவன் கையால ஜம்ஜம் தண்ணி குடிக்கணும். ஹஜ்ஜுக்குப் போனவங்க கொண்டாந்து குடுத்த பாட்டில் தலைமாட்டுலயே இருந்துச்சு.

மஸூத் லீவு போட்டுட்டு கூடவே கெடந்தான். அன்னிக்குன்னு பாத்து மேனேஜர் கெஞ்சுறான், அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சர்வரு, கொஞ்ச நேர வேலைதான்னு. அம்மாவே, "கஞ்சி நல்லாத்தான்டா எறங்குது, போய்ட்டு வந்துடு"ன்னாங்க. கெளம்புறப்போ பொண்டாட்டி ஜீனத்துகிட்ட சொன்னான்: "எங்கிட்ட ரெண்டு சிம் கீது. ஒண்ணு போலன்னா இன்னொண்ணுல அடி. அதுவும் போலன்னா தேவா நம்பர்." இவ்ளோ வழி கீதேன்னு தைரியமாத்தான் என் கூட வந்தான்.

சர்வர் ரூம் வாசல்ல செக்யூரிட்டி மறிச்சுட்டான். ஃபோன் உள்ள போகக் கூடாதாம். எழவெடுத்த ரூல்ஸு! ரெண்டு பேர் ஃபோனையும் ஒரே லாக்கர்ல வெச்சுப் பூட்டினோம். மஸூத் லாக்கரையே பாத்துக்கினு கொஞ்சம் நின்னான். "சட்டுனு முடிச்சுடலாம் வா"ன்னு உள்ள போய்ட்டான்.

ஸ்க்ரீன்ல ரெண்டு வழியும் ஆக்டிவ்னு காட்டுச்சு. வேற எவனா இருந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டு நடையைக் கட்டிருப்பான். இவன் ரேக்குக்குப் பின்னாடி பூந்து கேபிளைக் கையால தடவிக்கினே போனான். ரெண்டும் ஒரே சுவிட்ச்சுல போய் நிக்குது. மேல இன்னொரு சுவிட்ச் சும்மாவே மினுக்கிக்கினு கீது. "தோ பார்ரா, ஒரே ஆணி!"ன்னு கத்தினான். ஒரு கேபிளைப் புடுங்கி, மேல் சுவிட்ச்சுக்கு இழுத்து, சர்வர்ல செட்டிங் எல்லாத்தையும் திரும்ப எழுதி முடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரமே தாண்டிப் போச்சு. அப்புறம் ஒரு வழியை அறுத்துப் பாத்தான், ப்ரோக்ராம் நிக்கல. அதை மாட்டிட்டு அடுத்ததை அறுத்துப் பாத்தான், அப்பவும் நிக்கல. அவன் மூஞ்சில அவ்ளோ சந்தோஷம்.

வெளிய வந்து லாக்கரைத் தொறந்தோம். அவனோட ரெண்டு நம்பருக்கும் ஜீனத் அடிச்சிருக்கா, என் நம்பருக்கும் அடிச்சிருக்கா. மாத்தி மாத்தி அடிச்சிருக்கா, பாவம். மஸூத் திருப்பி அடிச்சான். "எப்போ?"ன்னு மட்டும் கேட்டான். அப்பிடியே செக்யூரிட்டி சேர்ல உக்காந்துட்டான். "எல்லா நம்பரும் ஒரே லாக்கர்ல, மாமே"ன்னான்.

பைக்கை நான்தான் ஓட்டினேன். வானகரத்துல வண்டி நவுரல. பின்னாடி என் சட்டையைப் புடிச்சிக்கினே உக்காந்திருந்தான்.

ஊட்ல ஜீனத் அழுதுகினே சொன்னா: "அவங்களுக்குக் கண்ணு தெரியல. 'மஸூத், மஸூத்'னு கையை நீட்டிக்கினே இருந்தாங்க. என்ன பண்றதுன்னு புரியலங்க. கொடில இருந்த உங்க முழுக்கை சட்டையை எடுத்து மாட்டிக்கினு, பேசாம ஸ்பூன்ல தண்ணி ஊத்தினேன். கையைத் தடவிப் பாத்துட்டு 'வந்துட்டியாடா'ன்னாங்க. குடிச்சாங்க. அதோட போயிட்டாங்க." வந்த சொந்தக்காரங்க எல்லாம் நிம்மதியான மௌத்து, நல்ல சாவுன்னு சொன்னாங்க. ஜீனத் உடம்புல இன்னும் அந்த சட்டை இருந்துச்சு.

ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணினாங்க. மொத மண்ணை மஸூத்தான் போட்டான். கபரஸ்தான் வாசல்ல என் பைக்காண்ட வந்து நின்னான்.

"ஒரு வழி அறுந்தது அம்மாவுக்குத் தெரியவே இல்ல, மாமே."

"நல்லதுதானேடா"ன்னேன்.

"நல்லதுதான். ஜீனத் இருந்ததால தண்ணி போய்ச் சேந்துடுச்சு." கையில ஒட்டின மண்ணைத் தொடைக்காம அப்பிடியே பாத்துக்கினு இருந்தான். "ஆனா அறுந்தது நான்டா."