நாராயணபெருமாள் துபாயில் இறங்கிய நாள்

புதுக்கடைச் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை வாங்க வருகிறவர்கள் நாராயணபெருமாளிடம் விலை மட்டும்தான் பேசுவார்கள். குலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அடிச்சீப்பில் ஒரு காய் கறுத்திருந்தால் அதை அவரே முதலில் காட்டிவிடுவார். அறுபது தாண்டிய பிறகும் தோளுக்கு ஒரு குலையாக ஏற்றிக்கொண்டு லாரியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டி, வெள்ளை நாமம் இட்டு, அய்யாவைக் கும்பிட நிழல்தாங்கலுக்குப் போய் வருவார். பொய் சொல்லாத மனிதர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே சுருக்கென்று ஒன்று குத்தும். மகள் ரேஷ்மியின் கல்யாணப் பேச்சில் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். "உங்க பக்கத்தில வெளிநாட்டில ஆரெல்லாம் இருக்கா?" என்று அவர்கள் கேட்டபோது, "எனக்க தங்கச்சி மவன் முருகதாஸ் துபாய் ஏர்போர்ட்டில ஆபீசர்" என்று சொல்லிவிட்டார். முருகதாஸ் அங்கே பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிறவன். கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கை சத்தியபாய் அதைச் சொல்லி அழுதபோது, நல்லதாகப் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

ரேஷ்மி இப்போது டப்ளினில் நர்ஸ். அப்பாவையும் அம்மையையும் கூட்டிக்கொண்டு போக அவள் கணவன் அஜின் ஊருக்கு வந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை எடுத்துவைத்துக்கொண்டு பயணத் திட்டத்தை விளக்கினான்.

"நடுவில ஒரு நாள் துபாயில நிப்போம் மாமா. டிக்கெட்டு ஒரே ரேட்டுதான்."

"அந்த வெயிலில என்னத்துக்கு பிள்ளே?" என்றாள் நாராயணபெருமாளின் மனைவி முத்துக்கனி. "மனுசன் கருவாடா ஆயிருவான்லா?"

"பகல்ல ஆரு மாமி வெளிய இறங்குவா? பகல் முழுக்க மாலுக்குள்ள. அங்க ஒரு எடத்தில பனி கொட்டும். சாயங்காலம் வெயிலு தாந்த பெறவு மணல்மேட்டுக்குப் போவோம்."

"மருபூமியில பனியா? அப்ப கம்பிளி எடுக்கவா, விசிறி எடுக்கவா?"

அஜின் சிரித்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான். "உங்க ஆபீசர் மருமவனுக்கு ஒரு போன் போடுங்க மாமா. அவரு ஒரு வார்த்தை சொன்னா நம்ம கியூவில நிக்காண்டாம்லா?"

முத்துக்கனி தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நாராயணபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவன் லீவில இருக்கியான்."

"ஊருக்கு வரல்லியே?"

"ஓமானுக்குப் போயிருக்கியான். கூட்டுக்காரனைப் பாக்க."

"சே! செரி, வேற வழி உண்டு. உங்க பேருக்கு ஒரு வீல்சேர் கேட்டிருவோம். ஒரு ஆளு சேரில இருந்தா கூட உள்ளவங்களும் நேரா போலாம். நம்ம ஊருக்காரங்க பாதிப்பேரு இப்படித்தான் போறாவ."

வேண்டாம் என்று சொல்ல அவர் வாய் எடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவ்வளவு பெரிய ஏர்போர்ட்டில் எத்தனையோ பேர் தள்ளுவார்கள், அவனேதான் வரவேண்டுமா என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் சத்தியபாய் சந்தைக்கே வந்துவிட்டாள். குலைகளுக்கு நடுவில் நின்று கேட்டாள்.

"அண்ணே, துபாய் வழியாவா போறிய? இத்திரி முந்திரிக்கொத்து செய்து தந்தா அவனுக்குக் குடுத்திருவியளா? ரண்டு வருசமா அவன் அதைக் கண்ணுல கண்டில்ல."

"நேரா போற பிளைட்டாக்கும் மக்களே. எங்கயும் இறங்காது."

"அப்பிடியா?" அவள் முகம் சற்று வாடியது. உடனே சரிசெய்துகொண்டாள். "செரி, போட்டு. பயறு வறுத்து வச்சிற்றேன், அதான் கேட்டேன். நல்லபடியா போயிட்டு வாங்க. அய்யா உண்டு."

அவள் போனபின் ஒரு வியாபாரி வந்தான். குலையில் கறுத்த காயை அவனுக்குக் காட்ட அன்று நாராயணபெருமாளுக்குக் கை வரவில்லை. "நீயே பாத்து எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அப்பால் போய் நின்றார்.

துபாயில் விமானம் நின்றதும் அவர் மேலேயிருந்த இரண்டு பைகளையும் ஒரே கையால் இறக்கினார். விமானத்தில் அத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் நடப்பது சுகமாக இருந்தது. பைகளுடன் வேகமாக வாசலைத் தாண்டினார். பின்னால் வந்த அஜின், "மாமா, இனியாவது இத்திரி நொண்டுங்க!" என்று சத்தமாகச் சிரித்தான்.

வெளியே சுவரோரம் நாற்காலிகள் வரிசையாக நின்றன. முதல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சீருடையில் நின்றவன் முருகதாஸ்.

அவன் உதடு 'மாமா' என்று அசைந்தது. கண் அவருடைய கால்களுக்குப் போயிற்று, அங்கிருந்து கையிலிருந்த பைகளுக்கு, அங்கிருந்து அஜினுக்கு. அவர் முகத்தை அவன் கடைசியாகத்தான் பார்த்தான்; அதற்குள் அவர் தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பெயர் தெரியாதபடி திருப்பிப் போட்டுவிட்டு, "உக்காருங்க சார்" என்றான்.

நாராயணபெருமாள் உட்கார்ந்தார். முத்துக்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கைப்பிடியை அழுத்தி எழுந்திருக்கப் பார்த்தார். முருகதாஸ் அவர் காதருகே குனிந்தான்.

"எழும்பாதுங்க மாமா. எல்லா எடத்திலயும் கேமரா உண்டு. சேரு கேட்ட ஆளு நடந்தா எனக்கிட்டதான் கேப்பாவ." குரலை இன்னும் தாழ்த்தினான். "சேரு கேட்டவங்க பேரு எங்களுக்கு முன்னேயே வரும். உங்க பேரைக் கண்டதும் காலுக்கு என்னமோ ஆயிற்றுன்னு பயந்து போனேன். டூட்டி மாத்திக் கேட்டு வந்தேன்."

வழவழப்பான தரையில் நாற்காலி சத்தமில்லாமல் ஓடியது. இருபுறமும் குழந்தைகளைத் தூக்கிய பெண்கள், வயசான வெள்ளைக்காரர்கள், எல்லோரும் நடந்துபோனார்கள்.

அஜின் பக்கத்தில் வந்தான். "நம்ம பக்கமா?"

"ஆமா சார். கன்னியாகுமரி ஜில்லா."

"மாமாக்க மருமவன் ஒருத்தரு இங்க ஆபீசரா இருக்காரு. முருகதாஸ்னு பேரு. தெரியுமா?"

நாற்காலி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"கேள்விப்பட்டிருக்கேன் சார். பெரிய ஆளு. எங்கள மாதிரி உள்ளவங்க கண்ணுல படமாட்டாவ."

கிண்டலா, காப்பாற்றுகிறானா என்று அந்தக் குரலில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நாராயணபெருமாள் மடியில் இருந்த பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வளைந்து வளைந்து நின்ற வரிசைகளைத் தாண்டி, தனி வழியில், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளிவாசல் அருகே முருகதாஸ் நாற்காலியை நிறுத்தினான். கண்ணாடிக்கு அப்பால் வெயில் வெள்ளையாக எரிந்தது. அஜின் பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான்.

"வேண்டாம் சார்."

"வச்சிக்கோப்பா. சாயா குடி."

"அவனுக்கு அதைக் குடுக்காதுங்க" என்றார் நாராயணபெருமாள்.

முத்துக்கனி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "இவன்தான் முருகதாஸ். எனக்க தங்கச்சி மவன். இங்க ஆபீசருன்னு நாந்தான் கள்ளம் சொன்னேன்."

அஜின் நோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அதிகமாகச் சங்கடப்பட்டவன் முருகதாஸ்தான். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

"இப்பம் எழும்பலாம் மாமா."

அவர் எழுந்தார். "டூட்டி எப்பம் முடியும்? நான் உனக்க ரூமுக்கு வாறேன்."

"வேண்டாம் மாமா. ஆறுபேரு உள்ள ரூமு. நீங்க மணலெல்லாம் பாருங்க." நாற்காலியை வேகமாகத் திருப்பினான். "நீங்க நேரா போறியன்னுதான் அம்மை சொன்னா. இதுவழி வந்தது அவளுக்குத் தெரியாதுல்லா? தெரியாண்டாம். அடுத்த பிளைட்டு இறங்கியாச்சு, நான் போறேன்."

காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

டாக்ஸி வரிசையில் நின்றபோது மாமனார் கை நீட்டியதும், அஜின் என்ன ஏது என்று கேட்காமல் கைப்பேசியைக் கொடுத்தான். சத்தியபாயின் எண் அவருக்கு மனப்பாடம்.

"மக்களே, அண்ணனாக்கும். நான் துபாயில நிக்கியேன். உனக்கிட்ட கள்ளம் சொன்னேன்."

அவள் உடனே கேட்டாள். "அவனைக் கண்டியளா அண்ணே?"

"கண்டேன்."

"எப்பிடி இருக்கியான்? மெலிஞ்சா இருக்கியான்? போட்டோவில ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

நாராயணபெருமாள் யோசித்துப் பார்த்தார். அவ்வளவு தூரமும் அவன் அவருக்குப் பின்னால்தான் இருந்தான். முன்னால் நின்ற நேரத்தில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேக்குதா?" என்றாள் சத்தியபாய். "மெலிஞ்சிட்டானா?"