தொம்மலூரில் ஓர் அமெரிக்கக் காது

என் உச்சரிப்பு அமெரிக்க வாடிக்கையாளருக்குப் புரியவில்லையாம். இனி கான்ஃபரன்ஸ் காலில் வாயைத் திறக்காதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் எழுதிய ப்ரோகிராமை வேறொருவன் விளக்குகிறான்.

என் நாக்கு இனித் திருந்தாது. ஆனால் குழந்தைகள் சுற்றிலும் கேட்கும் ஒலிகளுக்கு ஒரு வயதுக்குள் காதைப் பழக்கிக்கொள்கின்றன என்று படித்தேன். என் மகளுக்கு ஒன்பது மாதம். பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் பெங்களூர் வீட்டில் நாள் முழுக்க அமெரிக்கச் செய்திச் சேனல்தான்.

"ஏங்க, டிவிய அணைங்க. அவ அதத் திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க பேசுங்க" என்றாள் மனைவி.

"நான் பேசினா என் உச்சரிப்புதான்டி வரும். அதுக்குத்தானே பயப்படறேன்!"

இன்று காலை கீரைக்கார அம்மா "சொப்பூ... சொப்பூ..." என்று கூவிக்கொண்டு வந்தார். மனைவியின் இடுப்பிலிருந்த மகள் ஜன்னல் பக்கம் எம்பி, அதே இழுப்பில் "பூ..." என்றாள்.

அந்த அம்மா கூடையை இறக்கிவிட்டு, "ஏனம்மா, சொப்பு பேக்கா?" என்று, கீரை வேண்டுமா எனக் கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார்.

"பூ...!"

இருவரும் மாறி மாறிக் கூவினார்கள். டிவி தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

நண்பர்களே, தொம்மலூர்ப் பக்கம் கீரை விற்க வரும் அமெரிக்கர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவசரம்.