மலை இல்லாத ஊரின் பொழுது

நேற்று சின்னமனூர்ச் சந்தையில் கருவாட்டுக்காரி கூடையைத் திறந்ததும் என் பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் குனிந்து மோந்தேன். கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். அந்த வாடை என்னைத் தூத்துக்குடி ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. உலகச் சண்டை இன்னும் வராத காலம். தேனியில் ரயிலேறி, மதுரையில் வண்டி மாறிப் போனோம். கடல் பார்க்கப் போகிறோம் என்று எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். உண்மையில் அம்மா தன் தம்பியைப் பார்க்கத்தான் போனாள்.

மாமா கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, "போறதுன்னா போ. இனி எம்மூஞ்சில முழிக்காத" என்று கத்திவிட்டாள். அம்மாவுக்கு வாய் முந்திக்கொள்ளும். எனக்கும் அதே வாய்தான், என் மருமகளைக் கேட்டால் விரிவாகச் சொல்லுவாள். மாமாவோ ரோஷக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். தூத்துக்குடியில் இன்ன நாள் அவருக்குக் கப்பல் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கப்பலேறும் முன் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் தள்ளி நிற்கும். ஆட்களை லாஞ்சில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். காலையிலேயே துறைக்குப் போய் நின்றோம். காவல்காரர், "அஞ்சு மணிக்குல்லா லாஞ்சு. இப்ப ஒருத்தரும் வரல. சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார். மாமா எங்கே தங்கியிருந்தார் என்றும் தெரியாது. வேறு வழியில்லாமல் ஊர் சுற்றினோம்.

அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். மாதா கோயிலை அண்ணாந்து பார்த்தோம். உப்பளத்தில் நெல் அம்பாரம் மாதிரி உப்பு குவிந்து கிடந்தது. நக்கிப் பார்த்து அடி வாங்கினேன். ஆற்றுக் கெண்டையின் முள்ளோடு மல்லுக்கட்டிப் பழகிய எனக்குச் சாப்பாட்டுக் கடையில் போட்ட சீலா மீன் துண்டு பெரிய அதிசயம். மூன்று துண்டு தின்றேன். அம்மா இலையில் கை வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, போவமா?"

"இருடி. பொழுது கெடக்கு."

பதநீர் குடிக்கும்போதும் கேட்டாள். அல்வாக் கடையிலும் கேட்டாள். உட்காரச் சொன்னால் எழுந்தாள், எழுந்தால் நாலு எட்டு வைத்துத் திரும்பினாள்.

"யாரையாச்சும் மணி கேளுங்களேன்."

"எனக்கா மணி தெரியாது? அந்தா பாரு, பொழுது ஒரு பனை ஒசரம் நிக்குது."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்கள் வாய்க்காலில் எவர் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பொழுதைப் பார்த்து முறை வைத்தவர் அவர். சூரியன் மேற்கு மலையில் முட்டினால் மணி அஞ்சு. அப்புறமும் வெகுநேரம் வெளிச்சம் கிடக்கும். அவர் மடையை அடைத்துவிட்டால் மறுபேச்சு கிடையாது.

ஆனால் தூத்துக்குடியில் மலை ஏது? முட்டுவதற்குச் சூரியன் தரை வரைக்கும் இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பனை உயரத்தில் நின்றபோதே மணி அஞ்சைத் தாண்டிவிட்டது.

துறைக்குப் போனபோது காவல்காரர் எங்களைப் பார்த்ததும் கடல் பக்கம் கையைக் காட்டினார். "லாஞ்சு போயிட்டே அண்ணாச்சி. எங்க போயிருந்திய?"

அப்பா சூரியனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஊரே மதிக்கும் மனுசன், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நாந்தான் கெடுத்தேன், நாந்தான் கெடுத்தேன்."

அம்மா "ஏலே தம்பி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். காற்று அதைக் கரைக்கே திருப்பித் தள்ளியது. வெகுதூரத்தில் லாஞ்சு போய்க்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு எள்ளை இறைத்த மாதிரி தலைகள்தான் தெரிந்தன. அம்மா அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"ஏன் அழுகுறீக? அவன் நம்மளப் பாத்துட்டான். அந்தா, கைய ஆட்டுறான் பாருங்க."

மாமா அடுத்த வருசமே கொழும்பில் காய்ச்சலில் போய்விட்டார். சண்டை வந்ததும் அதன் தேவைக்கென்று எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வாய்க்காலில் முறை வைப்பதை அப்பா வேறொருவரிடம் விட்டுவிட்டார். இன்று பம்புசெட் சுவிட்சைப் போடுகிற பையனுக்குப் பொழுது எதற்கு?

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்லுவாள்: "எந்தம்பி என்னயப் பாத்து, கையாட்டிட்டுத்தான் போனான்." அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவர் இறந்த பிறகு அம்மா பத்துப் பன்னிரண்டு வருசம் இருந்தாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.